துஷானியின் டயருக்குத் தேங்காய் உடைத்த விபரம்

மஹய்யாவ, கண்டி.
சனிக்கிழமை, மாலைத் தேநீருக்குப் பின்.

கட்டார் வெயிலிலும் வாடாத என் அன்பு மருமகன் தினுஷனுக்கு,

தாய்மாமன் வீரய்யா மனமுவந்து எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் மாமி பாலாம்பிகை, உன் தங்கை துஷானி, நீ அனுப்பிய இரண்டு டயர்கள் ஆகிய ஐவரும் நலம். வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருப்பேன். ஆனால் என் குரலை நீ இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று துஷானி போட்டுக்கொடுத்துவிட்டாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஆகவே கைப்பட எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். உட்கார்ந்து வாசி.

நாளைக் காலை மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் சைக்கிள் ஓட்டம். பேராதனை, கெலிஓயா வழியாகக் கம்பளை போய்த் திரும்ப வேண்டும். போன இரண்டு ஓட்டத்திலும் நம்ம பிள்ளை முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே பஞ்சராகி, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தது உனக்குத் தெரியும். இந்த முறையும் ஓடி முடிக்காவிட்டால் அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அதற்குத்தானே நீ அந்த டயர்களை அனுப்பினாய். கெலிஓயாவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஷிராஸ் ஒன்றைக் கையில் வாங்கிச் சுண்டிப் பார்த்து, "ரப்பருக்கு அடியில ஒரு பட்டி வெச்சிருக்கான் அண்ணே. கொஞ்சம் பாரம்தான், ஏத்தத்தில இழுக்கும். ஆனா லேசுல ஓட்டை போட ஏலா" என்றான். துஷானியின் முகம் சுருங்கிவிட்டது. "ரேஸுக்கு எல்லாரும் லேசான டயர்தான் மாமா போடுவாங்க." "லேசான டயரப் போட்டுத்தானே ரெண்டு தடவையும் சைக்கிள் ஒன்மேல ஏறி வந்துச்சு" என்றேன். சிரித்துவிட்டாள். வழக்கு முடிந்தது.

ஷிராஸ் மாட்டித் தருகிறேன் என்றான். நான் விடுவேனா? மாநகர சபை டிராக்டருக்கே டயர் மாட்டிய கை இது. ஆனால் மருமகனே, அந்த டயரின் விளிம்பு இறுக்கம் என்றால் அப்படி ஒரு இறுக்கம். சமையலறையில் கிடைத்த ஆயுதங்களின் துணையோடு போராடி, வியர்வை ஆறாகப் பெருகி மகாவலியில் கலந்த பிறகுதான் உள்ளே போனது. அத்தோடு விட்டேனா? ஆசனம் என்ற பெயரில் வைத்திருக்கிற அந்தக் கத்தியின் மேல் நானே ஏறி உட்கார்ந்து, கண்டியில் ஆணி சிந்திக் கிடக்கும் இடமெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உடைந்து கிடந்த போத்தல் சீனியாகப் போயிற்று. தளபாடப் பட்டறை வாசலில் கிடந்த ஆணிகள் வளைந்து வழிவிட்டன. டயரில் ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் இன்னும் நேராக உட்கார முடியவில்லை.

இன்று காலை மாமி, "புது டயர் போட்டா பாதி புது வண்டிதானே, பூசை போடாம ரோட்டுல எறக்கக் கூடாது" என்றார். நியாயம்தானே. சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு தேசிக்காய் வைத்து, பூசையில் மிடுக்காக நிற்கட்டும் என்று நான் இன்னும் நாலு அடி காற்றும் அடித்து, கற்பூரம் காட்டி, தேங்காயை ஓங்கி உடைத்தேன். பாதி ஓடு பக்கத்து லயத்து வீடுகளைத் தாண்டியிருக்கும். மீதி சக்கரத்துக்கு முன்னாலேயே சிதறியது. "உருட்டும்மா" என்றேன். தேசிக்காய் நசிந்தது. சக்கரம் ஓட்டின் மேல் ஏறியது. டப். முன் டயர் படுத்துவிட்டது. "கண்ணூறு கழிஞ்சிருச்சி" என்றார் மாமி. துஷானி வாசற்படியில் உட்கார்ந்து ஹெல்மெட் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கும் இப்பிடித்தான் மாமா ஆகும்" என்றாள், மெதுவாக. எனக்கு நெஞ்சுக்குள் காற்று இறங்கியது. டயரை, அதைச் செய்த தொழிற்சாலையை, அதை வாங்கிய உன்னை, மூன்றையும் தனித்தனியாகத் திட்டினேன். மன்னித்துக்கொள்.

ஷிராஸ் வந்து டயரைக் கழற்றி உள்ளே விரலால் தடவினான். "டயர்ல ஒண்டுமில்ல அண்ணே. டியூப்தான் விளிம்புல நசிஞ்சி கெடந்து, காத்துக் கூடினதும் வெடிச்சிருக்கு. யாரு இத கரண்டியால நெம்பின?" எனக்கு முன்பாக மாமி வாய் திறந்தார். "என்னோட பொரியல் கரண்டி ஏன் கோணிப்போய்க் கெடக்குதுன்னு இப்பத்தானே தெரியுது." ஷிராஸ் புது டியூப் போட்டு, வெறுங்கையாலேயே டயரை மாட்டிவிட்டான். துஷானி சைக்கிளை எடுத்து, அதே தேங்காய் ஓட்டின் மேல் வேண்டுமென்றே ஏற்றினாள். திரும்பி வந்து மறுபடியும் ஏற்றினாள். ஓடுதான் நொறுங்கியது. பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டு வில்பிரட்டின் த்ரீவீலில் டியூப், பம்ப், குளுக்கோஸ் சகிதம் நாளை அவள் பின்னாலேயே போகிறேன். அவளுக்கு ஒன்று ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் அங்கே வீரய்யா நிற்பான். "எனக்கு மாதா படம் இருக்கு, தேங்காய் வேணாம்ண்ணே" என்று வில்பிரட் மறுத்தும், அவருக்கும் சேர்த்து ஒரு தேங்காய் எடுத்து வைத்துவிட்டேன். ஆகவே நீ கவலையை விட்டு வேலையைப் பார்.

நீ போகும் பாதையெல்லாம் ஆணி விலகி, வாழ்க்கையில் காற்றுக் குறையாமல் ஓட வாழ்த்தும்,
மாமன் வீரய்யா.

பி.கு.: நேற்றுப் படம் பிடிக்க மறந்துவிட்டேன், அதனால் ஞாயிறு மாலைச் செய்தியையும் இதிலேயே வாசி. கெலிஓயாவைத் தாண்டுவதற்குள் த்ரீவீல் பஞ்சர். வில்பிரட் குனிந்து டயரிலிருந்து ஒரு தேங்காய் ஓட்டுத் துண்டைப் பிடுங்கி, என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது மாதா போட்டதில்லண்ணே" என்றார். அவருடைய மாற்று டயர் ஏற்கெனவே செத்த டயர், ஷிராஸின் கடையும் ஞாயிறு பூட்டு. கம்பளையிலிருந்து திரும்பிய துஷானி எங்களைக் கடந்து பறந்தாள். பஞ்சரும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவதாக வந்து அணியில் இடம் பிடித்துவிட்டாள். பிறகு அதே டயரில் கெலிஓயாவரை எங்களைத் தேடி வந்து, "நான் செலெக்ட் ஆகிட்டேன் மாமா. நீங்க ஏன் இன்னும் இங்கயே நிக்கிறீங்க?" என்று கேட்டாள். ஆகவே மேலே நான் காவல் போவதாக எழுதியதை மட்டும் அடித்துவிட்டு வாசி. த்ரீவீலுக்கும் அந்த டயர் வருமா என்று விசாரி. வராவிட்டால் மாமிக்கு ஒரு பொரியல் கரண்டியாவது அனுப்பு.