என் குதிகாலைப் பற்றி வந்த செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வலங்கைமானிலிருந்து, ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் சாமிதுரை வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் நலமும் தங்கள் நிருபரின் நலமும் அறிய ஆவல். இங்கு கால்கள் உட்பட அனைவரும் நலம்.

சென்ற ஞாயிறன்று 'வெறுங்கால் ஓட்டம் விபரீதம்' என்று அரைப் பக்கம் எழுதி, எலும்பு தேயும், குதிகால் கிழியும் என்று பயமுறுத்தி, நடுவில் நான் வரப்பில் நொண்டும் படத்தையும் போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. ஆனால் சிறு திருத்தம் வெளியிட வேண்டும். எட்டு வருஷம் வெறுங்காலில் ஓடியும் எனக்கு ஒரு முள்கூடக் குத்தியதில்லை. அன்று நொண்டியது ஷூவால். என் மனைவி அம்சவல்லி, "ஊரே சிரிக்குது, இதப் போட்டுக்கிட்டு ஓடுங்க" என்று வாங்கி வந்தாள். வழியில் பிடாரி கோயில், கழற்றினேன். மாட்டிக்கொண்டு நூறடி போனால் களத்தில் குறுவை நெல் காய்கிறது, நெல்லருகே யார் செருப்போடு போவார்கள், மறுபடி கழற்றினேன். அப்புறம் ஐயனார் கோயில். அப்புறம் சம்பா நடவு. வரப்பில் ஏறியதும் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "ஐயா, நடவு வயலுக்கு பூட்ஸோடவா வர்றீங்க?" என்றார்கள். பதறி ஒன்றைக் கழற்றினேன், மற்றது முடிச்சு விழுந்து வரவில்லை, தடுமாறி அந்தக் காலைச் சேற்றில் விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கள் நிருபர் படம் எடுத்தார். படத்தில் வெறுங்கால் மட்டும் தெரிகிறது.

என்றாலும் எனக்குக் கோபமே இல்லை சார். என் மகள் கயல்விழி, யூனுஸ் என்பவரைத் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். நான் போகவில்லை. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. நாமே பேசிவிடலாமா என்று தினமும் போனை எடுப்பேன், வைப்பேன். தங்கள் செய்தியைப் பார்த்துவிட்டு அன்று காலையே கூப்பிட்டாள். "உங்களுக்கு அறிவிருக்காப்பா? இந்த வயசுல யாரு உங்கள ஓடச் சொன்னா?" என்று கால் மணி நேரம் கத்தினாள். ஷூவால் நொண்டியதைச் சொன்னால் கத்துவதை நிறுத்திவிடுவாளோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

தங்கள் நிருபர் நூறு வயது வரை நோயின்றி, ஷூவின்றி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
சாமிதுரை

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது கயல்விழி மறுபடி கூப்பிட்டாள். "குதிகால் வலிக்குதாப்பா?" என்றாள். "ரொம்ப வலிக்குதும்மா" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையோடு பத்து நாள் லீவு போட்டு வருகிறாள். ஆகையால் மேலே கேட்ட திருத்தம் வேண்டாம். வெறுங்காலில் ஓடுவது மகா ஆபத்து. பொங்கலுக்கு முன் இன்னொரு முறை எழுதுங்கள், படத்துக்கு நானே வந்து நொண்டுகிறேன்.