பற்பசைப் பண்டிதர்

மனிதர்களில் பல் உள்ளவர்கள், பல் இல்லாதவர்கள் என்று இரண்டே வகைதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் பற்பசைப் பண்டிதரைச் சந்திக்கவில்லை என்று அர்த்தம். அவர் மூன்றாம் வகை. பல்லைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. பல்லுக்கு எதை வாங்குவது என்பதுதான் கவலை.

கடையில் அவரை எளிதாக அடையாளம் காணலாம். சோப்பும் ஷாம்புவும் அடுக்கிய வரிசையின் கோடியில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேஸ்ட் பெட்டியின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருக்கும் எழுத்துகளை, அப்பாவின் உயிலைப் படிக்கும் பிள்ளையைப்போல வரி விடாமல் வாசித்தபடி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வழியை மறித்துக்கொண்டு நிற்பார். நீங்கள் பாட்டுக்குக் கையை நீட்டி ஒரு டியூபை எடுத்துக் கூடையில் போட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"அதையா வாங்குறீங்க?" என்பார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக உங்கள் வாயில் நிம்மதியாகக் குடியிருந்த பற்கள் அத்தனையும் அந்த நிமிஷமே அநாதைகளாகிவிடும்.

எங்கள் அடுக்குமாடியில், என் வீட்டுக்கு எதிர்க்கதவில், அப்படி ஒருவர் இருக்கிறார். கட்டட வரைபடம் போடுகிறவர். மனைவி பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். மூன்று பேர் இருக்கிற வீடு. ஆனால் குளியலறை அலமாரியைத் திறந்தால் மருந்துக்கடை தோற்றுவிடும். காலைக்கு ஒரு பேஸ்ட், இரவுக்கு ஒரு பேஸ்ட், வெண்மைக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, கரி போட்டது, உப்பு போட்டது, எதுவுமே போடவில்லை என்பதற்காக விலை கூடியது. மிருதுவான பிரஷ், அதைவிட மிருதுவான பிரஷ், மின்சாரத்தில் ஓடுகிற பிரஷ். பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல். பச்சையிலும் ஊதாவிலும் வாய் கொப்பளிக்கிற தண்ணீர். யார் எதில் தேய்க்க வேண்டும் என்று அவர்தான் ஒதுக்கிக் கொடுப்பார். மகள் ஒரு நாள் அவசரத்தில் அம்மாவின் பேஸ்ட்டை எடுத்துவிட்டாள் என்பதற்காகச் சாப்பாட்டு மேஜையில் விசாரணையே நடந்தது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த ஆசிரியைக்குப் பல் வலித்தது.

"என்னங்க, இந்தப் பக்கம் கடைவாய்ப் பல்லு, சில்லுன்னு எது பட்டாலும் சுள்ளுன்னு இழுக்குது."

நீங்களோ நானோ என்ன செய்வோம்? வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். பண்டிதர் பார்க்கவில்லை. அவர் முகத்தில் நல்ல சேதி கேட்ட களை வந்தது.

"கூச்சம். அதுக்குன்னே ஒண்ணு புதுசா வந்திருக்கு."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே."

"அவங்க என்ன பண்ணப்போறாங்க? இதைத்தான் எழுதிக் கொடுப்பாங்க. நாமளே வாங்கிக்கலாம்."

வாங்கினார். வலி போகவில்லை. பேஸ்ட் சரிதான், பிரஷ்தான் தப்பு என்றார். பிரஷ்ஷை மாற்றினார். பிரஷ் சரிதான், கொப்பளிக்கிற தண்ணீர்தான் பேஸ்ட்டின் குணத்தைக் கெடுக்கிறது என்றார். அதையும் மாற்றினார். கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டே போனார். வலி மட்டும் ஒரே கம்பெனியாக இருந்தது. அந்த அம்மாள் பல்லைக் கடிக்கவும் முடியாமல் பொறுத்துக்கொண்டு, கன்னத்தில் ஒரு கையை வைத்தபடியே பாடம் நடத்தினார். டீச்சர் ஏதோ யோசிக்கிறார் என்று பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்களாம்.

ஒரு நாள் காலையில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அந்த அம்மாள். ஒரு பக்க முகம் பந்துபோல் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் வண்டிய எடுக்குறீங்களா? பல் டாக்டர்கிட்ட போகணும். அவர்கிட்ட சொன்னா இன்னொரு டியூப எடுத்துக்கிட்டு வருவாரு."

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அவரும் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அலமாரியில் பாதி அதற்குள் இருந்தது.

"எதெது போட்டோம்னு டாக்டருக்குத் தெரியணும் இல்ல?" என்றார் என்னிடம்.

டாக்டரம்மா வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார்.

"சொத்தை வேர் வரைக்கும் போய் சீழ் கட்டியிருக்கு. இனி காப்பாத்த முடியாது, எடுத்துடணும். வலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா சின்னதா அடைச்சு அனுப்பியிருப்பேன்."

அந்த அம்மாள் மடியில் கிடந்த கைகளை இறுகக் கோத்துக்கொண்டார். பண்டிதர் துணிப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜைமேல் நிறுத்தினார்.

"நாங்க சும்மா இருக்கல டாக்டர். இவ்வளவும் போட்டுப் பாத்துட்டோம்."

"பேஸ்ட் ஓட்டையை அடைக்காதுங்க."

"அப்ப எந்த பேஸ்ட்தான் நல்லதுன்னு சொல்றீங்க?"

"ஃப்ளோரைடு இருக்கிற எதுவும் நல்லதுதான். மிருதுவான பிரஷ் ஒண்ணு. காலையில ஒரு தடவை, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை. நீங்க ராத்திரி தேய்க்கிறீங்களா?"

பண்டிதர் தொண்டையைச் செருமினார். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் பாதி உதடு ஒத்துழைக்காத நிலையிலும், பதில் நாற்காலியிலிருந்து தெளிவாக வந்தது.

"எங்க தேய்க்கிறாரு டாக்டர்? எந்த பேஸ்ட் நல்லதுன்னு போன்ல படிச்சுக்கிட்டே தூங்கிடுவாரு."

நான் கூரையைப் பார்த்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மனைவியின் பல்லை எடுத்து முடித்ததும் கணவரையும் அதே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கும் ரெண்டு சொத்தை இருக்கு. இப்பவே அடைச்சுடலாமா?"

"கொஞ்சம் விசாரிச்சுட்டு வரேன்" என்று எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் அந்த அம்மாள் பஞ்சைக் கடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பண்டிதருக்கு இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? அந்த டாக்டரின் படிப்பு பழைய படிப்பு, எதுவும் நல்லதுதான் என்று சொல்கிறவருக்கு எதைப் பற்றியும் தெரியாது, நம் முறை சரியானதுதான், பல்தான் வலுவில்லாத பல் என்று விளக்கிக்கொண்டே வந்தார். நடுநடுவே "இல்லையா?" என்று கேட்டார். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பஞ்சை எடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, மகளைக் கூப்பிட்டு அலமாரியைக் காலி செய்தது. மூன்று பிரஷ், ஒரு டியூப். வேறெதுவும் மிஞ்சவில்லை.

"மத்ததெல்லாம் எங்கே?" என்றார் பண்டிதர்.

"உங்க மேஜை மேல வச்சிருக்கேன். உட்கார்ந்து படிங்க. தேய்க்கிறதுக்கு எங்களுக்கு இது போதும்."

மறுநாளே மகளை அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஆரம்ப நிலையில் ஒரு சொத்தை இருந்ததாம், அடைத்தாகிவிட்டது. அந்த அம்மாள் இப்போது ஒரு பக்கமாகவே மெல்லுகிறார். பண்டிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, பல் போன இடத்து ஈறுக்கென்றே ஒன்று வந்திருப்பதாக ரகசியமாகச் சொன்னார். அவருடைய இரண்டு சொத்தைகளும் இன்னும் விசாரணையில் இருக்கின்றன.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த அம்மாள் அலமாரியில் மிச்சம் வைத்த அந்த ஒரே டியூப் எந்தக் கம்பெனி என்று கேட்க உங்கள் நாக்கு துடிக்கிறதே, அது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? சொல்ல மாட்டேன். நேற்று ராத்திரி பல் தேய்த்தீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.