பதினான்கு லிண்டன் மரங்கள்

மேயர் கிராசிமிர் சபை நடுவே வாய்விட்டுச் சிரித்தபோது நெவேனாவுக்குத் தலை கொதித்தது.

"மூணே மூணு மரம் டீச்சர். அதுக்கா இவ்வளவு சத்தம்? கார் நிறுத்த இடமில்லைன்னு ஊர் என்னைத்தான் திட்டுது, உங்களையா திட்டுது?"

"மரத்தை வெட்டக்கூடாதுங்கிறது சுற்றுச்சூழல் கமிஷனோட ஆலோசனை!"

"ஆலோசனைதானே? சொல்லிட்டீங்க. கேட்டாச்சு." அவர் காதைக் குடைந்துகொண்டார். "கமிஷன் பேச்சைக் கேட்டு நடக்கணும்னா நான் எதுக்கு மேயர்? இப்ப சொல்றேன், மூணு இல்ல, கடைத்தெரு மரம் பதினாலும் போகும்!"

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். நெவேனா நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியேறினாள்.

முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஓய்வுபெற்ற கையோடு, இந்த வசந்தத்தில்தான் கமிஷனுக்குத் தலைவியானாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இலரியோன். கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார், பாதி நேரம் தூங்குவார். ஆனாலும் அவர் காலத்தில், இதே மேயர் இருந்தும், கல்குவாரி ஊருக்குள் வரவில்லை, ஆற்றங்கரையில் ஒரு மரம் விழவில்லை. தூங்குமூஞ்சிக்கு அதிர்ஷ்டம் என்று நெவேனா பொருமுவாள். எனக்கு வாய் இருக்கிறது, நான் பேசுவேன்.

பேசினாள். மாவட்டப் பத்திரிகையைக் கூப்பிட்டு, 'மேயர் ஒரு மரமண்டை' என்று பேட்டி கொடுத்தாள். மறுநாளே, இலையுதிர் காலத்தில் நடக்கவேண்டிய வெட்டு ஜூன் மாதத்துக்கு வந்துவிட்டது. ஜூன் என்றால் லிண்டன் பூக்கும் மாதம். தேநீருக்குப் பூப்பறிக்க ஊர்ப் பெண்களெல்லாம் ஏணியோடு வரும் மாதம்.

"படுபாவி! வேணும்னே பண்றான்!" கமிஷனின் இன்னொரு உறுப்பினரான கால்நடை மருத்துவர் ஸ்பாஸின் வீட்டு மேசையில் அவள் குத்திய குத்தில் ராக்கியா மதுக் கோப்பை உருண்டது.

ஸ்பாஸ் கோப்பையை நிமிர்த்தினார். "என்கிட்ட ஒரு கழுதை வருது. முன்னால இழுத்தா பின்னால போகும். அதனால நான் வாலைப் பிடிச்சு இழுப்பேன். நேரா கொட்டகைக்குள்ள போயிடும்."

"என்ன உளர்றீங்க?"

"நாம சொல்றதுக்கு நேர்மாறா செய்யுறதுதானே அந்த ஆளு புத்தி? அப்ப வெட்டச் சொல்லுவோம்."

நெவேனா கோப்பையைத் தள்ளிவைத்தாள். மரத்துக்காகப் பேச வந்தவள், மரத்தை வெட்டு என்று தன் வாயால் சொல்வதா? இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நகரசபைக்குப் போனாள். மேயர் எந்தக் காகிதத்தையும் படிக்கமாட்டார். எதுவானாலும் காரியதரிசி ரொசித்சாதான் வாயால் சொல்லவேண்டும்.

"ரொசித்சா, கமிஷன் ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. பதினாலு மரத்தையும் உடனே வெட்டணும். மேயர்கிட்ட சொல்லிடு."

ரொசித்சாவின் முகம் வெளிறியது. "டீச்சர்... நிஜமாவா? லிண்டன் மரத்தையா?"

"நிஜமாத்தான். குறுக்குக் கேள்வி கேக்காதே!"

"சரிங்க டீச்சர். கமிஷன் நினைச்சது நடக்கும்."

அன்று நெவேனா நன்றாகத் தூங்கினாள்.

வெயில் ஏறியபின் ரம்பச் சத்தத்தில்தான் கண் விழித்தாள். செருப்போடும் வீட்டு உடையோடும் கடைத்தெருவுக்கு ஓடினாள். ஒன்பது மரம் தரையில் கிடந்தது. பத்தாவது சாய்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கடா!"

"மேயர் உத்தரவும்மா, தள்ளி நில்லுங்க," என்றான் ரம்பக்காரன்.

விழுந்த கிளைகளுக்குள் பெண்கள் பை பையாகப் பூ பறித்துக்கொண்டிருந்தார்கள். "வா டீச்சர், இந்த வருஷம் ஏணியே வேண்டாம்!" என்று ஒருத்தி அழைத்தாள். நெவேனாவுக்கு மேயரைவிட அவள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. தூக்கம் கலைந்த தேனீக்கள் தரையை ஒட்டிச் சுற்றின. தெரு முழுக்க வாசனை.

நகரசபைப் படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். மேயர் அறை பூட்டியிருந்தது. ரொசித்சா மட்டும் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கே அந்த ராஸ்கல்? கமிஷன் வெட்டச் சொல்லிச்சுன்னு அவன்கிட்ட சொன்னியா இல்லையா?"

ரொசித்சா சிவந்த கண்களோடு நிமிர்ந்தாள்.

"அதெப்படி டீச்சர் சொல்வேன்? இலரியோன் ஐயா காலத்துலேர்ந்து நீங்க எது சொன்னாலும் தலைகீழா மாத்தித்தானே நான் மேயர்கிட்ட சொல்றேன், அப்பத்தானே கமிஷன் நினைச்சது நடக்கும்?"