ஊமையான லப்டொப்

அப்டேட் முடிந்தது. லப்டொப் திறந்தது. சத்தம் வரவில்லை.

குளித்த ஈரம் காயாமல், இடுப்பில் துவாயோடு வினாயகமூர்த்தி மேசைக்கு முன்னால் நின்றார். நிப்பாட்டினார். திரும்பப் போட்டார். திரை வந்தது, படம் வந்தது, அம்புக்குறி வந்தது. திறக்கும்போது வழக்கமாக வரும் அந்த மணியோசை மட்டும் வரவில்லை.

"மங்கை! ஓடி வா! என்ர லப்டொப்புக்குத் தொண்டை அடைச்சிற்று!"

மங்கையற்கரசி குசினியிலிருந்து அகப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

"லைற் எரியுதுதானே?"

"எரியுது."

"மறுகா என்ன?"

"சத்தம் எங்க?"

"என்னைக் கேட்டா? அப்டேட் போட்டது நீங்கதானே."

அதுவும் சரிதான். காலையிலிருந்து அந்த அப்டேட்டுக்காக வீட்டில் ஊரடங்குச் சட்டம் போட்டவர் அவர். மின்சாரம் போய்விடும் என்று ஸ்திரிக்கைப் பெட்டி போடக்கூடாது. மிக்ஸி போடக்கூடாது. அதனால் அன்றைக்குச் சம்பலும் இல்லை. "இருபத்தேழில் பதினொன்று" என்று திரை சொல்ல, அவரும் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவரைப் போல விறாந்தையில் நடந்தார். இருபத்தேழும் முடிந்த பிறகுதான் மனைவியைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

ஒரு சத்தத்துக்கு இவ்வளவு துள்ளலா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சுனாமி வந்து கரையைக் கழுவிக்கொண்டு போன பிறகு, ஜீப் ஜீப்பாக நிறுவனங்கள் வந்தன. கூட்டுறவுக் கடையில் மாவும் சீனியும் நிறுத்துக்கொண்டிருந்த வினாயகமூர்த்தியை வீட்டுத்திட்ட நிறுவனம் ஒன்று கள உத்தியோகத்தராக எடுத்தது. நாலரை வருடம் கழுத்தில் அட்டை, காலில் சப்பாத்து, எங்கே போனாலும் "சேர்". சண்டை முடிந்த வருடம் திட்டமும் முடிந்தது. வெள்ளைக்காரர் கைகுலுக்கி, பாவித்த லப்டொப் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜீப்பும் போனது, அட்டையும் போனது. மிஞ்சியது அந்த மணியோசை.

தினமும் காலை ஏழரைக்கு, ஒழுங்கையைப் பார்த்த விறாந்தையில், முழுச் சத்தத்தில் அது ஒலிக்கும். "சேர் வேலை துவங்கிற்றார்" என்று ஒழுங்கையால் போகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே சேர் மத்தியானம் வரை திரையில் தனியாகச் சீட்டு விளையாடினார் என்பது லப்டொப்புக்கு மட்டும் தெரியும். வேலை போன மனிதனுக்கு, தான் இன்னும் ஒரு ஆள்தான் என்று ஊருக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

நம்பிக்கையும் ஒன்று இருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், உன்னிச்சையில், சண்டையால் இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு உதவப் புதிய நிறுவனம் ஒன்று இணைப்பாளர் ஒருவரைத் தேடியது. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் புதன்கிழமை.

"என்னை விட்டா வேற ஆர் இருக்கிறா?" என்பார் வினாயகமூர்த்தி.

"அதுதானே" என்பாள் மங்கையற்கரசி.

அவள் முன்பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு மணிக்கு வந்து, சமைத்து, அவருக்குச் சோறு போடுவாள். அவர் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை படுப்பார். அந்த இரண்டு மணித்தியாலமும் அவள் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. குறட்டை விடுகிற மனிதனுக்கு எது கேட்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி தொடங்கியது. பாட்டுப் போட்டால் பாடியது. ஆகவே ஒலிபெருக்கியில் பிழை இல்லை. படம் போட்டால் பேசியது. ஆகவே காதிலும் பிழை இல்லை. பதினேழு தரம் நிப்பாட்டிப் பதினேழு தரம் போட்டார். துடைத்தார். ஊதினார். பிறகு காயவைத்த மிளகாய்க்குப் பக்கத்தில் பாயை விரித்து, லப்டொப்பையும் வெயிலில் வைத்தார்.

பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் பார்த்தாள்.

"என்ன சேர், லப்டொப்பும் வத்தல் போடுறீங்களா?"

"சத்தம் இல்ல, அக்கா."

"ஐயோ! ஏனாம்?"

"மியூட்டில பிரச்சினையோ எண்டு பாக்கிறன்."

"மூட்டிலயா? எனக்கும் மூட்டுத்தான் சேர். குந்தினா எழும்பேலாது. நல்லெண்ணெயைச் சுடவெச்சுப் பூசிப் பாருங்க."

"அக்கா, இது மூட்டு இல்ல, மியூட்டு!"

"எந்த மூட்டெண்டாலும் நல்லெண்ணெய்தான்."

மங்கையற்கரசி மிளகாயை அகப்பையால் கிளறியபடி சொன்னாள்:

"சத்தமில்லாம நல்லாத்தானே இருக்கு. விட்டிருங்களன்."

வினாயகமூர்த்திக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். இடது கையை இடுப்பில் வைத்தார்.

"கேட்டுக்கொள்! இந்தச் சத்தம் திரும்பி வாற வரைக்கும் நான் பகல்ல கண் மூடமாட்டன்!"

அகப்பை மங்கையற்கரசியின் கையிலிருந்து நழுவியது. "பகல்ல படுக்காட்டி உங்களுக்குத் தலையிடி வருமே!" என்றாள். கணவன் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

திங்கட்கிழமை அவர் படுக்கவில்லை. இரண்டு கடிதம் அடித்தார். ஒன்று வேலைக்கான விண்ணப்பம். மற்றது லப்டொப்பின் நோய்க்குறிப்பு: எத்தனை மணிக்கு மௌனமானது, எத்தனை தரம் ஊதப்பட்டது, வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது எல்லாம் அதில் இருந்தன. முதலாவதற்கு "வினாயகமூர்த்தி ஒன்று" என்று பெயர் வைத்தார். இரண்டாவதற்கு "வினாயகமூர்த்தி இரண்டு". விண்ணப்பத்தை அன்றே இணையத்தில் அனுப்பியும் விட்டார். அவள் வாசலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பூனையை ஏசினாள். பானையை ஏசினாள்.

செவ்வாய்க்கிழமை முன்பள்ளியால் வரும்போது அவள் கையில் ஒரு பை நண்டு இருந்தது. வாவி நண்டு. முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தாள். பொரித்தாள். எருமைத் தயிர்ச் சட்டியொன்றும் வந்தது, மேலே ஊற்ற இனிப்புப் பாணியோடு.

"இண்டைக்கு என்ன விசேசம்?"

"நித்திரை முழிச்சு ஆராய்ச்சி செய்யிறீங்க. உடம்பைப் பாக்க வேணாமா? இன்னும் ஒரு கரண்டி..."

மூன்றாவது கரண்டித் தயிரோடு சபதம் சாய்ந்தது. கதிரையிலேயே வாயைத் திறந்துகொண்டு நாலு மணி வரை கிடந்தார். எழும்பியதும், "கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தன்" என்றார்.

"அதுதான் யோசிக்கிற சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்டுது" என்றாள். முகம் விடிந்திருந்தது.

புதன்கிழமை லப்டொப்பைத் துவாயில் சுற்றி, பையில் வைத்து, காத்தான்குடிக்குப் பஸ் ஏறினார். வழியில் சோதனைச்சாவடி. எல்லாரும் இறங்க வேண்டும். ஆமிக்காரன் சிங்களமும் தமிழும் கலந்து பையைக் காட்டச் சொன்னான்.

"இது மொனவா? போடுங்க."

போட்டார். ஆமிக்காரன் குனிந்து பார்த்தான். திரை வந்தது. கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"சத்தம் இல்ல?"

"அப்டேட்" என்றார் வினாயகமூர்த்தி, செத்த வீட்டுக் குரலில்.

"அனே, பாவங்" என்று அவனே பையைப் பூட்டிக் கொடுத்தான்.

காத்தான்குடியில் றவூபின் திருத்துகடை. றவூப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு நிமிடம் தட்டினார்.

"சேர், இதுல ஒரு பழுதும் இல்ல."

"சத்தம்?"

"ஆரோ நிப்பாட்டி வெச்சிரிக்காங்க. இஞ்ச பாருங்க, ஒரு சின்னக் கட்டம். அதுல இரிந்த சரி அடையாளத்த எடுத்திரிக்கி. வூட்டுல வேற ஆக்கள் பாவிக்கிறயா?"

"என்ர வீட்டிலயா? என்ர மனுசிக்கு அதைத் துடைக்கத்தான் தெரியும்."

"அப்ப அப்டேட் தானா வந்து எடுத்திச்சா சேர்? ஒரு டிக் போட்டா..."

ஒரு டிக்! நாலு நாள் பாடு, பதினேழு தரம், வெயில், சபதம், எல்லாம் ஒரு டிக்குக்காகவா? நாலரை வருடம் லப்டொப்போடு இருந்தவரிடம் டிக் கதை சொல்கிறான்! வினாயகமூர்த்தி லப்டொப்பைப் பட்டென்று மூடினார்.

"இது உள்ளுக்குள்ள இருக்கிற பெரிய நோய் வருத்தம். உங்களுக்கு விளங்காது."

"சரி சேர்" என்று றவூப் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "வூட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்க."

யாரைக் கேட்பது என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. உன்னிச்சை நிறுவனம். வினாயகமூர்த்தி சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டுதான் ஹலோ சொன்னார்.

"மங்கையற்கரசி மிஸ் இருக்கிறாவா?"

"இது அவட கணவர். நீங்க தேடுற ஆள் நான்தான்."

"இல்ல ஐயா, மிஸ்ஸைத்தான். திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்லணும். உன்னிச்சையில பிறந்தவா, சனத்தை எல்லாம் தெரியும். விண்ணப்பமும் நல்லா எழுதியிருக்கிறா."

"வினாயகமூர்த்தி எண்டு ஒரு விண்ணப்பம்..."

மறுபக்கத்தில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

"ஓ, அந்த ஐயாவா! லப்டொப்பை வெயில்ல காயவெச்ச விபரம் அனுப்பியிருந்தாரே! எங்கட கந்தோரில எல்லாரும் வாசிச்சம். அவருக்கு இப்ப சத்தம் வந்திற்றா ஐயா?"

வினாயகமூர்த்திக்குச் சத்தம் வரவில்லை. தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார். அவள் "ஓம்... ஓம்... வாறன்" என்றாள். வைத்தாள். நேரே மேசைக்குப் போனாள். லப்டொப்பைத் திறந்து எங்கேயோ ஒரு தட்டு, இன்னொரு தட்டு. நிப்பாட்டினாள். திரும்பப் போட்டாள்.

மணியோசை வீட்டை நிறைத்தது.

"எப்பிடி?" என்றார் அவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எடுத்தவளுக்குப் போடத் தெரியாதா?"

"எப்ப எடுத்த?"

"நீங்க பாட்டுப் பாடிக் குளிக்கக்குள்ள. நீங்க பகல்ல படுத்தாப் பிறகுதான் நான் அதில எழுதிப் பழகிறன். அந்தச் சத்தத்தால ரெண்டு தரம் முழிச்சிற்றீங்க. செல்போன் எண்டு சொல்லிச் சமாளிச்சன். எத்தினை நாளைக்குச் சமாளிக்கிற?"

"என்னட்டச் சொல்லியிருந்தா நான் படிப்பிச்சிருப்பனே!"

"படிப்பிச்சிருப்பீங்க. அப்ப இண்டைக்கும் துடைச்சுக்கொண்டுதான் இருந்திருப்பன்."

அவர் கதிரையில் இருந்தார். அவளும் பக்கத்தில் இருந்தாள். பகிடி அவள் குரலை விட்டுப் போயிருந்தது.

"எங்கட ஆக்கள் மூண்டு வருசத்துக்குப் பிறகு வீடு வளவைத் தேடிப் போறாங்க. போய்ப் பாக்கணும் எண்டு எனக்கிருக்காதா? கோவமா?"

கோபப்பட அவர் முயன்று பார்த்தார். நியாயம் ஒன்றும் கைவசம் இல்லை. "கோவமில்ல" என்றார். பிறகு, "இனி நான் என்ன செய்யிற?" என்று கேட்டார்.

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. நேர்முகம் நடந்து, வேலையும் கிடைத்து, நிறுவனத்து ஜீப் வாசலில் வந்து நின்ற அன்று அதைச் சொன்னாள்.

"இஞ்சாருங்க, முன்பள்ளிக்கு எனக்குப் பதிலா ஒரு ஆள் வேணுமாம். உங்கட பேரைக் குடுத்திற்றன். எட்டு மணிக்குப் போயிருங்க."

ஜீப் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கினாள்.

"ரெண்டு லேஞ்சி கொண்டு போங்க. பிள்ளையளுக்கு மூக்கு ஓடும்."