பேசும் ஃபிரிட்ஜ் மன்றத்தில் என் வீட்டார் நடந்துகொண்ட விதம் பற்றித் தம்பிக்கு

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எந்தக் குறைவும் இல்லை, குரல் உட்பட. மகள் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறாள். நீ கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போன உங்கள் கம்பெனியின் பேசும் ஃபிரிட்ஜும் சுகம். இன்று காலையில்கூட, "தயிர் நாளையோடு கெட்டுவிடும்" என்று எனக்கு முன்னால் அத்தையிடம் போட்டுக் கொடுத்தது. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நலமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றி வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் உங்கள் மன்றத்தைப் பற்றியது. அன்றைக்கு நீ இந்த ஃபிரிட்ஜை இறக்கி வைத்த கையோடு என் போனை வாங்கி ஏதோ அழுத்திக் கொடுத்து, "அக்கா, இதை வாங்கினவங்க ஒருத்தரோடொருத்தர் பேசிக்கணும்னு கம்பெனி இணையத்துல ஒரு மன்றம் திறந்திருக்கு. ஈ காக்கா இல்ல. அதைக் கலகலன்னு வைக்கிறதுதான் என் வேலை. இப்படியே கிடந்தா மன்றத்தை மூடுவாங்க, கூடவே என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ வந்து நாலு வார்த்தை எழுது" என்று சொன்னாய். உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்கு வார்த்தை என்ன, நாற்பது எழுதுகிறேன் என்று அப்போதே மனதில் சங்கல்பம் செய்துகொண்டேன். அன்றே போய், "அனைவருக்கும் வணக்கம், எல்லோரும் சாப்பிட்டாயிற்றா?" என்று எழுதினேன். பதில் இல்லை. மறுநாள், "சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. எத்தனை நாள் தாங்கும், சொல். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் விடுவது மரியாதை இல்லையே என்று, உன் மாமா பெயரில் ஒரு ஐடி திறந்து, "சாப்பிட்டாயிற்று" என்று எழுதினேன்.

நீ உடனே பொய் என்பாய். பொய்யில்லை. அவர் சாப்பிட்டிருந்தார், நான்தான் பரிமாறினேன். அதோடு, "உங்க பேர்ல எழுதட்டுமா?" என்று கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்றார். அந்த "ம்"மை வைத்துத்தான் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எல்லா முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. சாமி முன்னாலும் நின்று, இது தப்பென்றால் இப்போதே கரண்ட் போகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். யார் பெயரில் எழுதினாலும், அவர் என் காதுபட சொன்னதை மட்டுமே எழுதுவது. அத்தை, மகள், மாடி வீட்டுத் தையல்காரம்மா, பேப்பர் போடுபவர் என்று ஒவ்வொருவராக மன்றத்துக்குள் வந்தார்கள். யாருக்கு என்ன கருத்து, யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்பதையெல்லாம் வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்துக்கொண்டேன். ஒருவர் பேச்சு இன்னொருவர் வாயில் வந்துவிடக் கூடாது பார்.

இந்தக் கட்டுப்பாடுதான் வினையாயிற்று. உன் மாமா அந்த ஃபிரிட்ஜைப் பற்றி என் காதுபட என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியாது. நீ வந்தால் நல்லபடியாகப் பேசுகிறவர், நீ தெருமுனை திரும்பியதும், "இது பெட்டி இல்ல, உன் தம்பி வச்சுட்டுப் போன ஒற்றன்" என்பார். இனிப்பு டப்பாவை அவர் தொட்டதும் அது, "இனிப்பு எடுக்கப்பட்டது" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிக்கிறதே, அந்தக் கோபம். என் கட்டுப்பாட்டின்படி அதை அப்படியே அவர் ஐடியில் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்குச் சுருக்கென்றது. என் தம்பியின் பிழைப்பை நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா பேசுவது என்று என் ஐடியில் போய், "உடம்புக்கு ஆகாததைத் திருட்டுத்தனமாகத் தின்பவர்களுக்குத்தான் ஒற்றனைக் கண்டு பயம்" என்று எழுதினேன். அதற்கு அவர் சும்மா இருப்பாரா? இருக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஆகவே அவர் என்ன சொல்வாரோ அதையும் எழுதினேன். அதில் நம் அப்பாவை இழுத்துவிட்டார். அன்று தட்டை டொக்கென்று வைத்தேன். "என்னாச்சு?" என்றார். "மன்றத்துல நீங்க பேசினது நியாயமா?" என்றேன். "எந்த மன்றம்?" என்றார். "ஒண்ணுமே தெரியாத மாதிரி நடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேளையும் பேசவில்லை. பாவம், மனுஷர் என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியாமல் கடைக்குப் போய்க் காய்கறி எல்லாம் வாங்கி வந்தார்.

நாங்கள் போட்ட சண்டையில்தான் மன்றம் களை கட்டியது. எங்கிருந்தோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்ததும் உன் மாமா பக்கம் நின்று, தனிமனித சுதந்திரம் என்று பக்கம் பக்கமாக எழுதினார். டாக்டர் வீட்டம்மா என்று ஒருவர் என் பக்கம் நின்றார். டாக்சி ஓட்டுகிறவர் ஒருவர் இரண்டு பக்கமும் நின்றார். தையல்காரம்மா நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்துத் திட்டு வாங்கினார், அதாவது என்னிடமிருந்து. நீ போனில், "அக்கா, சக்கைப்போடு போடுது, மேலாளர் நெகிழ்ந்து போய்ட்டார். யாரோ ஒரு புருஷன் பொண்டாட்டி, என்ன சண்டை போடறாங்க தெரியுமா?" என்று குதித்தபோது, அந்தப் புனைபெயர்களுக்குப் பின்னால் இருப்பது நாங்கள்தான் என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உன் குரலில் அவ்வளவு சந்தோஷம் கேட்டு எத்தனை நாளாயிற்று? வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் உள்ளே வந்திருந்தார். "ஃபிரிட்ஜ் வாங்கினேன். கதவு சாத்தித்தான் இருக்கிறது. ஆனாலும் 'கதவைச் சாத்துங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?" என்று கேட்டிருந்தார். வந்தவரை வரவேற்காமல் இருக்கலாமா? எங்கள் வீட்டிலிருந்து மட்டும் எல்லோரும் தனித்தனியாக வருக வருக என்றோம். தையல்காரம்மா "அருமையான கேள்வி" என்றார். ஆசிரியர், மனித வாழ்வில் கதவுகளின் இடம் பற்றி நீளமாக எழுதினார். "உங்கள் வீட்டுக் கதவின் நிறம் என்ன?" என்று நீ ஒரு வாக்கெடுப்பு வைத்தாய், பச்சை ஜெயித்தது. அவர் அவ்வப்போது வந்து, "இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார். விடாமல் வருகிறாரே என்று அவருக்கு நீங்கள் "மன்றத்தின் மாணிக்கம்" என்று ஒரு பட்டம்கூடக் கொடுத்தீர்கள்.

அப்புறம்தான் நீங்கள் அத்தையை நெறியாளர் ஆக்கினீர்கள். மன்றத்தில் யார் எல்லை மீறினாலும் கண்டிக்கவும், தேவைப்பட்டால் வெளியே நிறுத்தவும் அதிகாரம் என்று அவர் பெயருக்கு அறிவிப்பு வந்தது. அதை மகள் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்துவிட்டாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "என் பேர்ல இதுவரைக்கும் என்ன எழுதியிருக்கே? படி" என்றார். படித்தேன். மருமகளாயிற்றே, அவர் சொன்னதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித்தான் எழுதியிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் இவ்வளவு நல்லவளா? யார் நம்புவா? போனைக் கொடு இப்படி" என்று வாங்கிக்கொண்டார். முதல் உத்தரவாக என்னை ஒரு வாரம் மன்றத்திலிருந்து நிறுத்தி வைத்தார். காரணம் என்ற இடத்தில் "வாய் ஜாஸ்தி" என்று இருந்தது. இரண்டாவதாக அந்தப் பூட்டுக்காரரை, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்று எச்சரித்தார். அந்த ஒரு வாரமும் நான் உன் மாமா ஐடியிலிருந்து என்னைப் புகழ்ந்து எழுத வேண்டிய நிலைமைக்கு வந்தேன். அவர் என் காதுபட சொன்னதை மட்டுமே எழுதுவது என்ற கட்டுப்பாடு அங்கே முழுக்க உடைந்தது.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது. உங்கள் மேலாளர், மன்றத்தினர் எல்லோரும் நேரில் சந்திக்கலாம், ஐந்து பேருக்குப் பரிசு, அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் மேடையில் வாதாட வேண்டும், ஆளாளுக்குக் கார் அனுப்புகிறோம், விலாசம் கொடுங்கள் என்று அறிவித்துவிட்டார். நீயும் போன் செய்து, "இந்தச் சந்திப்பு நல்லபடியா நடந்துட்டா வேலை நிரந்தரம்னு சொல்லிட்டார் அக்கா" என்றாய். அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு இந்த வீட்டு வாசலில்தான் கார் வந்து நிற்க வேண்டும். அதில் தையல்காரம்மாவுக்குத் தான் மன்றத்தில் இருப்பதே தெரியாது. உன் மாமாவை மேடையில் ஏற்றி ஒற்றன் விஷயத்தைக் கேட்டால் அவர் "ம்" என்பார். அத்தோடு உன் வேலை போயிற்று.

ஆகையால் தம்பி, யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ முதலில் சந்திப்பைத் தள்ளிப் போடு. பிறகு மேலாளரைத் தனியாகப் பார்த்து, எல்லாம் என் அக்கா செய்த வேலை, எனக்கு எதுவும் தெரியாது என்று பதமாகச் சொல். அதுதான் உண்மையும்கூட. அவர் திட்டினால் என்னைத் திட்டட்டும். உன்னை மட்டும் விட்டுவிடச் சொல்லி நான் நேரில் வந்து கேட்கவும் தயார். மன்றத்தில் இருப்பவர்கள் யாருக்கும் இது தெரிய வேண்டாம். ஆசிரியர் போன்ற பெரிய மனிதர்கள் நம்மை நம்பி மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள், நொந்துபோவார்கள். இந்தக் கடிதத்தை அனுப்பியதோடு அந்த மன்றத்துப் படியை இனி மிதிப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். இப்படி எழுதி அனுப்புவது தப்பென்றால் கரண்ட் போகட்டும் என்றும் கேட்டுவிட்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

உன் உத்தியோகம் நிலைத்து, உன் வீட்டில் குறைவில்லாமல் எல்லாம் நிறைந்து, நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் இருக்க எந்நாளும் வேண்டும்

உன் அக்கா.

பின்குறிப்பு: தம்பி, பதறாதே. அனுப்பப் போன நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. சாமி சகுனம் காட்டிவிட்டாரே என்ற பதற்றத்தில் போனில் எதையோ மாற்றி அழுத்த, உனக்குப் போக வேண்டிய கடிதம் மன்றத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எடுக்கத் தெரியவில்லை. பால் பொங்குகிற நேரத்துக்குள் ஆசிரியரிடமிருந்து பதில் வந்துவிட்டது. "அம்மா, நான் ஆசிரியர் இல்லை" என்று ஆரம்பித்திருந்தார். அவர்தான் உங்கள் மேலாளராம். மன்றம் ஓடவில்லை என்றால் அவருக்கும் மேலே ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். டாக்டர் வீட்டம்மாவும் அவர்தான், டாக்சி ஓட்டுகிறவரும் அவர்தான், இன்னும் பல பேரும் அவர்தான். உன்னை ஒன்றும் சொல்ல அவருக்கு வாய் கிடையாது, வேலை நிரந்தரம் என்று அங்கேயே எழுதிவிட்டார். அப்புறம் பூட்டுக்காரர் வந்தார்.

"அப்போ இங்க நிஜமா இருக்கிற ஆளு நான் ஒருத்தன்தானா?" என்று கேட்டார்.

அதற்கு யாரும் அருமையான கேள்வி என்று சொல்லவில்லை. மேலாளர், சந்திப்பை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அந்தக் கதவு விஷயத்தையும் பார்த்துவிடலாம் என்றார். நீ ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம். உன் மாமா கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, இனிமேல் தன் கருத்தைத் தானே வந்து சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பூட்டுக்காரர் நல்ல மாதிரி, கோபித்துக்கொள்ளவில்லை. "வாங்க. உறுப்பினர் நாற்பது பேருன்னு போட்டிருக்கு, நாற்காலி எத்தனை போடட்டும்?" என்று மட்டும் கேட்டார். சத்தியத்தை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டு, நீ, நான், உன் மாமா, மேலாளர் என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்து, நாலு போதும் என்று பதில் எழுதினேன். நெறியாளர் அதைத் திருத்தி ஐந்து ஆக்கியிருக்கிறார். அத்தையும் வருகிறாராம்.