ஆறு மணி நினைவூட்டல்

“நகல் இருக்கா சார்? இருந்தா கவலையே படாதீங்க,” என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர் போனில்.

நூலகருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பல வருடமாக யாரும் எடுக்காத புத்தகத்தை அலமாரியிலிருந்து நீக்குவது அவர் வழக்கம். விடுப்பு நாளில் கை சும்மா இருக்கவில்லை. மனைவியின் கம்ப்யூட்டரில் ‘மீட்புப் பகுதி’ என்று ஒன்று யாருக்கும் பயன்படாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நீக்கினார். பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் சேர்த்தே நீக்கினார். திரை கறுத்தது.

மனைவி வீடுகளுக்கு வரைபடம் போடுபவள். நாளைக் காலை கொடுக்கவேண்டிய வரைபடம் அதற்குள் இருந்தது.

பீரோவிலிருந்து பழைய நகல் வட்டை எடுத்து, எல்லாவற்றையும் அப்படியே திருப்பி ஏற்றினார். திரையில் முன்பல் இரண்டும் இல்லாமல் மகள் சிரித்தாள்.

“சார், நகல் எப்ப எடுத்தது?” என்றார் போனில் கடைக்காரர்.

“பொண்ணு ஒண்ணாவது படிக்கும்போது.”

“இப்ப?”

“பத்தாவது.”

கடைக்காரர் பேச்சை மாற்றினார். “சரி, அந்த மீட்புப் பகுதியையாவது மறுபடி உருவாக்கிடுங்க. காலியா இருக்கிற இடத்துல.”

காலி என்று நினைத்து நூலகர் அதை உருவாக்கியது நகல் வட்டின்மேல். இப்போது மீட்புப் பகுதி பத்திரமாக இருந்தது. நகல்தான் இல்லை.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க மனைவி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“வரைபடம் எல்லாம் இதுல இருக்கு. நீங்க லீவு போட்டிருக்கீங்கன்னதும் காலையிலேயே எடுத்து வெச்சுட்டேன்.”

“என்மேல அவ்வளவு நம்பிக்கையா?”

“பதினேழு வருஷ நம்பிக்கை.”

சிரித்துக்கொண்டே பழைய படங்களைப் பார்த்தார்கள். முதல் வாடகை வீடு, ஒரே நாற்காலி, அதில் இருவரும். ஒன்பது வருடத்துக்கு முந்தைய வீடே திரைக்குள் இருந்தது. சரியாக ஆறுக்குத் திரையின் மூலையில் ஒரு நினைவூட்டல் எழுந்தது.

‘தினமும் ஆறு மணி: அவர் வருவார். எடுத்ததும் சண்டை வேண்டாம். கண்ணாடி பார். சிரி.’

நூலகர் அதை இன்னொரு முறை படித்தார். “அப்பல்லாம் எனக்காக இப்படியெல்லாம் இருந்திருக்கே.”

“அது அந்தக் காலம்,” என்றாள் அவள், முகம் சிவக்க.

கைப்பைக்குள் அவள் போன் மணியடித்தது. தினமும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடிக்கும் அதே மணி.

“மாத்திரை நேரம்,” என்று வழக்கம்போல எழுந்து அறைக்குள் போனாள்.

“பாவம், இத்தனை வருஷமா ஒருநாள் தவறாம மாத்திரை,” என்றார் நூலகர்.

மூலையில் படித்துக்கொண்டிருந்த மகள் பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“என்னப்பா சொல்றீங்க? அம்மாவுக்கு மாத்திரையே கிடையாதே.”