பந்தியில் விரித்த வானம்

கல்யாண வேலை நடக்கிற வீட்டில் வெள்ளையாக, நீளமாக, சும்மா கிடக்கிற எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு கிடையாது. இருபத்திரண்டு வயதில் எனக்கு இது தெரியாது. மற்றதெல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது. (கணக்கில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. அந்த நாளில் தலைக்கு ஏறக்கூடிய சரக்குதான்.)

அறுபதுகளின் நடுவில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. ஓசூர் ரோடு பக்கம் ஒரு வெட்டவெளியில் கம்பங்கள் நட்டு வரிசையாகக் கம்பி கட்டியிருந்தார்கள். துணி உலர்த்த என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். வெகு தொலைவில் உள்ள கேலக்ஸிகளிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அந்தக் கம்பிகள் பிடிக்கும். பூமி சுழலச் சுழல வானம் மேலே நகர்ந்து போகும். ஒரு பேனா காகிதச் சுருளில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். கேலக்ஸி ஒன்று கடந்தால் கோடு லேசாக மேடு கட்டும். மங்கலான கேலக்ஸி என்றால் எறும்பு முதுகளவு மேடு. அதை ஸ்கேல் வைத்து அளப்பவள் நான்.

வீட்டில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, கேட்பவர்களிடம் "ரேடியோ ஆபீஸ்ல இருக்கா" என்று முடித்துவிடுவார். அதை நம்பிச் சிலர் என்னிடம் நேயர் விருப்பப் பாட்டுக்கூடக் கேட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஆபீஸ் கூரை ஒழுகியது. சுருள்கள் நனைந்துவிடுமே என்று பேராசிரியர் கவலைப்பட்டார். நான் முந்திக்கொண்டு, எங்கள் மல்லேஸ்வரம் வீட்டில் ஒரு சொட்டு விழாது, பத்திரமாக வைத்திருந்து அங்கேயே அளக்கிறேன் என்றேன். வேறு பிரதி கிடையாது, ஜாக்கிரதை என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா கமலாவுக்கு நிச்சயதார்த்தம். பந்திப் பொறுப்பு சித்தப்பாவுடையது. பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நீள மேஜைகளில் எல்லாம் மசிக்கறை. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்களே என்று மேலே விரிக்கக் காகிதம் தேடியிருக்கிறார். நான் அப்போது உள்ளே அக்காவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பந்தி, மாப்பிள்ளை வீட்டார். பொரியல் வாளியோடு போனேன். மேஜை ஓரத்தில் காகிதம் கொஞ்சம் மடங்கியிருந்தது. மடிப்புக்கு அடியில் சிவப்புக் கட்டங்கள். அவற்றின் மேல் பேனா இழுத்த கோடு, பக்கத்தில் நான் குறித்த அளவுகள்.

சித்தப்பாவைத் தனியாக இழுத்துப் போய்க் கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை. எழுதின பக்கத்தைக் கீழே போட்டு வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்திருக்கிறாராம். அந்த அளவுக்கு விவரம் தெரியாதவரா அவர்?

அதற்குள் சாம்பார் வந்துவிட்டது. சாப்பிடுகிறவர்களை எழுப்பினால் அக்கா கல்யாணம் நின்றுபோகும். எழுப்பாவிட்டால் வானம் ஊறிப்போகும். பின்னாலேயே என் வேலையும் போகும். என் முதல் வகுப்பு மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. மோர் ஊற்றிவிட்டால் பந்தி முடிந்ததாக அர்த்தம். நேராக அடுக்களைக்குப் போய் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் இலை மாப்பிள்ளையின் தாய்மாமாவுடையது. மைசூர்க்காரர், பெரிய உடம்பு. அவர் அப்போதுதான் சாம்பார் சாதத்தைப் பிசைந்து குழி செய்திருந்தார். அந்தக் குழியில் மோரை ஊற்றினேன்.

அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

"சாரு எல்லி?" என்றார். ரசம் எங்கே என்கிறார்.

"இன்னிக்கு ரசம் இல்லீங்க மாமா" என்றேன். (ரசக்காரர் வாளியோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாசனை எல்லாருக்கும் வந்தது.)

மாமா இலையிலிருந்து கையை எடுத்தார். வரிசையாக எல்லாரும் எடுத்தார்கள். நம்மைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்கள் அப்பா காதில் விழுந்தது. கதவிடுக்கில் கமலாவின் முகம் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, உங்க இலைக்குக் கீழ கேலக்ஸி இருக்கு."

பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: கம்பி, பேனா, மேடு, சித்தப்பா. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மாமா கேட்டார். அங்கிருந்து கிளம்பின அலை இங்கே வந்து சேரக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அவ்வளவு வருஷம் பொறுத்து வந்தது, நான் ரசம் சாதம் சாப்பிடற வரைக்கும் பொறுக்காதாம்மா?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். பந்தியே சிரித்தது. ஆனால் மாமா அதோடு விடவில்லை. இலையை இரு கையாலும் அப்படியே ஏந்திக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தார். அவர் போன பிறகு மற்றவர்கள் மேஜையில் இருக்க முடியுமா? இலையேந்திய ஊர்வலம் ஒன்று நடந்தது. பாதி வழியில் சம்பந்தியின் இலை கிழிந்து, அவருடைய பட்டு வேஷ்டி மங்களகரமாக மஞ்சளானது.

சாயங்காலம் சுருள்களைக் கொல்லைக் கொடியில் உலர்த்தினேன். மறுநாள் பேராசிரியர் ஒன்றை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, சமையல் யார் என்று மட்டும் கேட்டார். முக்கால்வாசி மேடுகள் பிழைத்திருந்தன. ஒன்று மட்டும் பேனா போட்ட மேடா, சாம்பாரில் மசி ஊறிய மேடா என்று கடைசிவரை தீரவில்லை. அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். அதன் பிறகு நான் ஆபீசிலேயே குடை பிடித்துக்கொண்டு அளந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் என் கையில் மோர் வாளி கொடுப்பதில்லை. போன மாதம் கமலாவின் பேத்திக்குக் கல்யாணம். நான் பந்தியில் உட்கார்ந்ததும், மாலையும் கழுத்துமாகக் கல்யாணப்பெண்ணே வந்து என் இலையின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சின்னப் பாட்டி. நிதானமா சாப்பிடுங்க."